யாரும் பார்க்காத நிறம்

காலை 9.10. அலமாரி பூட்டினபடியே இருந்தது. உள்ளே இருந்த புது மருந்துக் குப்பியைத்தான் காணோம்.

பள்ளியில் வேதியியலைக் கோட்டை விட்ட இன்ஸ்பெக்டருக்கு அந்த ஆய்வுக்கூடம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

மருந்தை உருவாக்கியவள் அழுது முகம் வீங்கியிருந்தாள். "கடல் பஞ்சுல ஒரு பொருள் இருக்கு சார். அதோ, அந்த வெள்ளைப் பொடி. புற்றுநோய்க் கட்டியைக் கரைக்கும், ஆனா கல்லீரலைக் கெடுக்கும். அந்த மூலக்கூறோட வாலை வெட்டி, வேற வால் ஒட்டினேன். நாலு வருஷமாச்சு. வெளிச்சம் பட்டா இந்தப் புதுப் பொடி கெட்டுடும். சிவப்பு பல்பு போட்ட இருட்டறையிலதான் திறப்போம்."

"வெட்டி ஒட்டவா நாலு வருஷம்?" கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

9.40. சாவி மூன்று பேரிடம். அவள், கூட வேலை செய்யும் மீசைக்காரர், நிர்வாகம் பார்க்கும் டைரக்டர்.

"காணாமப் போன பொடி என்ன நிறம்?"

"சிவப்பு பல்புல எல்லாமே சிவப்புதான் சார்," என்றார் மீசைக்காரர். "நெஜ நிறம் யார் கண்டா?"

டைரக்டர் எகிறினார். "இருட்டறைப் பக்கமே நான் போனதில்ல, குப்பியைத் தொட்டதில்ல. இவதான் வித்திருப்பா, உள்ள தள்ளுங்க! ஒரு சிட்டிகை மஞ்சப் பொடியால எங்க மானமே கப்பலேறிடுச்சு!"

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

10.15. படிக்கட்டில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டர் குறிப்பைப் புரட்டினார். வெள்ளை, சிவப்பு, மஞ்சள். என்ன கண்றாவி இது? மூன்றாம் முறை படித்தபோது எழுந்துவிட்டார்.

"டைரக்டர் சார், மஞ்சள்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அது... அவ நோட்டுல படிச்சேன்."

அவள் நோட்டைத் திறந்து நீட்டினாள். 'நிறம்' என்ற கட்டம் காலி. "நானே பகல்ல பார்த்ததில்ல சார். எப்படி எழுதுவேன்?"

"பகல்ல திறந்தவருக்குத்தான் மஞ்சள் தெரியும்," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க மேசை இழுப்பறையைத் திறங்க."

குப்பி அங்கேதான் இருந்தது. டைரக்டர் முகம் தொங்கிப்போனது. "வாங்கறவங்க போட்டோ கேட்டாங்க. ஜன்னல்கிட்ட வச்சு எடுத்தேன்."

உள்ளே பொடி பழுப்பாகிக் கிடந்தது. அவள் குப்பியைக் கையில் வாங்கி அழுதாள்.

"மறுபடி செய்யலாமாம்மா?"

"செய்முறை இருக்கு சார். ஏழு மாசம் ஆகும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். நாலு வருஷமாகக் காலியாக இருந்த கட்டத்தில் 'மஞ்சள்' என்று எழுதினாள்.