காலி டிரம்மின் எடை

இரண்டே இரண்டு துண்டுகளைப் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். வாஷிங் மெஷினின் டிரம் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை மெதுவாக அசைந்து, உள்ளே இருப்பதை எடை பார்த்துவிட்டு, ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று காட்டியது. வீட்டிலுள்ள போர்வைகளையெல்லாம் திணித்தால் ஆகிற நேரம் அது. வேறு யாராவது என்றால் பழைய மெஷினுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவளால் அப்படிப் போக முடியவில்லை. எடைதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

பார்சல் அலுவலகத்தில் எட்டு வருடமாக எடை மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பெட்டியைக் கையில் தூக்கினாலே இத்தனை கிலோ என்று அடித்துச் சொல்வாள். மேசைத் தராசு அதற்குப் பிறகுதான் ஆமாம் போடும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே தராசு. மகள் சிட்டுவுக்கு நான்கு வயது, பதினான்கு கிலோ. பள்ளியில் எடை பார்த்துச் சொல்வதற்கு முன்பே, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போகும்போதே அவளுக்கு அது தெரியும். கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவான். மற்ற நாட்களில் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

மெஷின் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இரண்டு தெரு தள்ளி, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கொள்ளை மலிவாக வாங்கியது. பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் அந்தம்மாவே விலையைப் பாதியாக்கிவிட்டார். மெஷின் கதவைச் சுற்றி அகலமான டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்த பசை அழுக்காகப் படிந்திருந்தது. கதவை மட்டும் எப்போதும் சாத்தியே வைக்கும்படி அவர் சொல்ல, இவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். வயதானவர்கள் சொல்கிற ஆயிரத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்து, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அந்தப் பசையைத் துடைத்து எடுத்தாள்.

சனிக்கிழமை மெக்கானிக் வந்தார். வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டே பாட்டை முணுமுணுக்கிற மனிதர். கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் செல்போன் வெளிச்சத்தில் படித்து, இது ஒன்பது வருடத்துக்கு முந்தைய மெஷின் என்றார். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்ததும் பாட்டு நின்றுவிட்டது.

"ஒன்பது வருஷ மெஷின்தான். ஆனா பெல்ட்டைப் பாருங்கக்கா, தேயவே இல்லை. ஒரு மாசம்கூட ஓட்டாம மூடி வெச்சிருக்காங்க."

பெல்ட்டைக் கழற்றினார், டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே வெளிச்சம் அடித்துத் தேடினார், ஃபில்டரைத் திருகி எடுத்துக் கழுவினார். எங்கேயும் எதுவும் சிக்கியிருக்கவில்லை. பிறகு காலி டிரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். அது முக்கால் சுற்று போய், தயங்கி, ஊசலாடியபடி திரும்பி வந்து நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடியும் அதே ஓட்டைகள் கீழே வர, அதே இடத்தில் நின்றது. அடியில் ஏதோ படுத்துக் கிடப்பது போல.

அவளும் கையை விட்டுத் தள்ளிப் பார்த்தாள். எட்டு வருடப் பழக்கம், கை தானாகக் கணக்குச் சொன்னது. பதின்மூன்று கிலோ.

சென்சார் கோளாறாக இருக்கும், அதற்காகக் காசைக் கொட்ட வேண்டாம் என்றார் மெக்கானிக். அவருடைய கவலையெல்லாம் ரப்பர் மடிப்பில் படிந்திருந்த கறுப்புப் பூசணத்தின் மேல் இருந்தது. சோப்புத் தூளை அள்ளிக் கொட்டாதீர்கள், மாதம் ஒரு தடவை ஃபில்டரைக் கழுவுங்கள், துவைத்து முடித்ததும் ரப்பரைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தே போடுங்கள், காற்றுப் பட்டால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்று விரல்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சு. அன்றிலிருந்து கதவு திறந்தே கிடந்தது.

நான்கைந்து நாளில் மெஷினிலிருந்த பூசண வாடை போய்விட்டது. ஆனால் அந்த வாடை வீட்டை விட்டுப் போகவில்லை. முதலில் அது நடையில் இருந்தது, பிறகு கூடத்துச் சோபாவில், பிறகு சிட்டுவின் தலையணையில்; ஈர ரப்பரும் பழைய சோப்பும் கலந்த, நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போன்ற வாடை. ஜன்னலையெல்லாம் திறந்து போட்டாள். உறைகளை உருவிக் கையாலேயே துவைத்தாள். அவற்றைக் காய வைத்து மறுபடி மாட்டியதும் வாடையும் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

சிட்டு மெஷின் முன்னால் குந்தியபடி கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தாள். பிள்ளைகள் பொம்மையோடும் பேசும், சுவரோடும் பேசும் என்று அவள் விட்டுவிட்டாள். அவளை உறுத்தியது வேறு. சாப்பிட உட்கார்ந்தால் சிட்டு நாற்காலியின் ஓரத்துக்கு ஒதுங்கி, பாதி இடத்தைக் காலியாக விட்டாள். கீழே விழுந்து வைக்கப்போகிறாய் என்று அதட்டியதற்கு, குழந்தை அம்மாவை விசித்திரமாகப் பார்த்தது.

"அவனுக்கு இடம் வேணும்ல."

மெஷின் எக்கேடு கெட்டால் என்ன, என் பிள்ளையைத் தொட்டால் சும்மா இருக்க மாட்டேன் என்று அவள் மனம் துடித்தது. உடனே போய்க் கதவை ஓங்கிச் சாத்தினாள். கைக்கெட்டிய சாமான்களையெல்லாம் எடுத்து வந்து அதன் முன்னால் முட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் ஞாயிறு. பகல் மூன்று மணி, நல்ல வெயில். கூடத்தில் சிட்டு கலர் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். மெஷினை எடுத்துக்கொண்டு போகும்படி பழைய சாமான்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, நாளைக்கு வருவார். கடைசியாக ஒரு தடவை என்று முட்டுக் கொடுத்ததை விலக்கி, அதே இரண்டு துண்டுகளைப் போட்டு அழுத்தினாள்.

டிரம் லேசாக அசைந்தது. காகிதம் போல.

முப்பத்தெட்டு நிமிடம்.

ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பாடா, சரியாகிவிட்டது. அந்த நொடி போனதும் கணக்கு இடித்தது. இத்தனை நாள் இதற்குள் கிடந்த பதின்மூன்று கிலோ எங்கே போனது? நேற்று இவள் அவசரமாகச் சாத்தியபோது அது உள்ளேதான் இருந்ததா?

அந்தம்மாவுக்குப் போன் போட்டாள். அரை மணி நேரம் விடாமல் அடித்த பிறகுதான் எடுத்தார். இவள் மெஷின் என்று ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் குரல் மாறியது.

"கதவைத் திறந்து வெச்சியா?"

"ரெண்டு வாரமா, அம்மா. மெக்கானிக் சொன்னார்னு."

அவர் யாருக்கோ ஒப்பிப்பதுபோலப் பேசினார்.

"என் பேரனுக்கு ஒளிஞ்சு விளையாடறதுன்னா உயிர். அன்னிக்கு வீடெல்லாம் தேடினோம், தெருவெல்லாம் தேடினோம். அதுக்குள்ள மட்டும் பாக்கலை."

மெஷினில் துணிகள் சுழலும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தூக்கிக்கச் சொல்லுவான். தூக்கிடாதம்மா. நான் ஒரு தடவை தூக்கினேன். இறக்கி விடறதுக்கு எட்டு மாசம் ஆச்சு."

அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. போன் கட்டானது.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "அம்மா, தூக்கு."

ஓடினாள். சிட்டு கூடத்து நடுவில் நின்றிருந்தாள். முகம் வெளுத்து, கண் விரிந்து, கலர் பென்சில் டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் வெயில். வேறு யாரும் இல்லை.

"அம்மா, தூக்கு."

நான்கு வருடமாகப் பிள்ளையைத் தூக்கிய கை. புத்தி தடுப்பதற்குள் குனிந்துவிட்டது. அக்குளில் கை கொடுத்து, எப்போதும் போல ஒரே மூச்சில் தூக்கினாள்.

தூக்க வரவில்லை. பல்லைக் கடித்து மறுபடி இழுத்தாள். இடுப்பு ஒடிந்துவிடும்போல் இருந்தது. வந்தது.

கை எடை சொன்னது.

இருபத்தேழு.

சிட்டு அசையவில்லை. அவளுடைய பத்து விரல்களும் கண்ணெதிரே, டப்பாவின் மேல் இருந்தன. மூச்சுக்கூட விடாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே மெஷின் துவைத்து முடித்துக் கூவியது. இரண்டு நிமிடம் கழித்துப் பூட்டு விடுபடும் சத்தம். க்ளிக். கதவு தானாகத் திறந்துகொண்டது.

அவளுக்குத் தோள் எரிந்தது. மெல்லக் குனிந்து, மகளைத் தரையில் இறக்கப் பார்த்தாள்.

அவள் கழுத்துக்குப் பின்னால், சில்லென்று, ஈரமாக, சின்ன விரல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகின.