வெர்னா நட்ட குச்சி

குச்சி தண்ணீரின் விளிம்பிலேயே நின்றது. இவ்வளவு நேரம் நீர் அசையாமல் நிற்பதில்லை என்பது வெர்னாவுக்குத் தெரியும். ஆனால் டோரீன் முன்னால் அதை ஒப்புக்கொள்வாளா?

கடல் மளமளவென ஏறும் ஃபண்டி விரிகுடாவின் சேற்றில் மட்டிச் சிப்பி தோண்ட இறங்கினால் வெர்னாவுக்கு முதல் வேலை, நீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நடுவது. நீர் குச்சியை விட்டு விலகினால் வற்றம். குச்சியைத் தாண்டினால் ஏற்றம். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஏற்ற வற்ற நேரம் அச்சடித்த அட்டவணையை நம்புகிறவர்கள் என்றால் அவளுக்கு இளக்காரம்.

"உன் புருஷன், என் தம்பி கிளேட்டன், கடல்ல சாகல, கூட்டல்ல செத்தான். கோடையில கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளுவாங்கல்ல, அதையும் கூட்டியேதான் அட்டவணைய அச்சடிச்சிருந்தாங்க. அந்த மேதை மறுபடியும் ஒரு மணி கூட்டிட்டு வந்தான்."

"அவரோட ஒத்த பூட்ஸ்தான் கரைக்கு வந்துச்சு அண்ணி. அத இங்க வச்சா பேசணும்?" டோரீன் வாளியை எடுத்தாள். "பனிமூட்டம் எறங்குது. வாங்க, போயிடலாம்."

"குச்சியப் பாரு. தண்ணி அசையல. நீயும் அவன மாதிரியே மண்டு. போ."

டோரீனின் காலடிகள் சேற்றை உறிஞ்சி உறிஞ்சிக் கரைப்பக்கம் தேய்ந்தன. அழுகிய பாசியின் வாடையோடு பனி வந்து மூடிக்கொள்ள, வெர்னா குச்சிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து தோண்டினாள். சேற்றுத் துளைகள் மெல்லக் கொப்பளித்தன, அந்தச் சத்தத்துக்குள்ளே பின்னாலிருந்து இன்னொரு காலடி உறிஞ்சியது.

"என்னடி, பயந்து திரும்பிட்டியா?"

திரும்பிப் பார்த்தாள். விளிம்பில் குச்சி. நல்லது.

மறுபடி தோண்டினாள். மறுபடி அந்தச் சத்தம். பார்த்தாள். விளிம்பில் குச்சி.

ஆனால் கைக்கெட்டும் தூரத்தில்.

அவள் அதை நட்டது எவ்வளவோ தள்ளி. குச்சிக்கு அப்பால், மெல்லிய தண்ணீருக்கடியில், குச்சி முன்பு நின்ற குழி. அதற்கப்பால் இன்னொரு குழி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடலுக்குள்ளிருந்து வரும் தடங்கள். ஒரு கால் பூட்ஸ். மறுகால் வெறுங்கால்.

"டோரீன்!"

கரையில் டோரீன் அடித்த வண்டி ஹாரன் அலறியது. நெடுந்தொலைவில். ஓடத் திரும்பினாள். சேறு பூட்ஸைக் கவ்வியது. குளிர் முழங்காலுக்கு ஏறியது.

முன்னால், கரைப்பக்கம், பனிக்குள் குச்சி நின்றது. சரியாக நீரின் விளிம்பில். ஊறி வெளுத்த ஒரு கை அதைப் பொறுமையாகச் சேற்றில் அழுத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு மணி இருக்குக்கா."