பாலத்துக்கு அந்தப் பக்கம் தூக்கு இல்லை!

போன் அலறியது!

போட்டோக்காரர் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? கையில் கேமரா ஸ்டாண்ட்... காலடியில் மச்சான்!

அசைவே இல்லை. காதோரம் ரத்தம்.

புது ஸ்டூடியோ போர்டில் யார் பெயர் முதலில் என்று காலையில் ஆரம்பித்த வாய்த்தகராறு. பெண்டாட்டியின் தம்பி, தொழிலில் பங்காளி வேறு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு... ஒரே போடு!

மறுபடி போன். ஸ்டாண்டைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார்.

வக்கீல் நண்பன்.

"டேய்... மச்சானை அடிச்சுட்டேன்டா! செத்துட்டான்டா!"

"அடப்பாவி! நம்ம ஊர்ல கொலைக்குத் தூக்குடா!"

"ஐயோ!"

"கத்தாத! பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற ஊரு, வேற சட்டம். அங்க கொலைக்கு ஜெயில் மட்டும்தான். பாடிய அங்க கொண்டு போ. அங்கதான் சண்டை வந்துச்சுன்னு சொல்லி சரணடைஞ்சுடு!"

போட்டோக்காரர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இன்னும் இருந்தது.

பின்னணிக்குத் தொங்கவிடும் நீலத் துணியில் மச்சானைச் சுற்றிக் கட்டி, கார் டிக்கியில் திணித்தார்.

பாலம்...

எதிரே வந்த ஒவ்வொரு ஹாரனுக்கும் உயிர் போய் உயிர் வந்தது. கடைசித் தூணையும் கார் தாண்டியது.

'அப்பாடா!'

டொக்... டொக்... டொக்!

சத்தம் டிக்கிக்குள்ளிருந்து!

பிரேக்கை மிதித்தார். பாலத்து முனையில் நின்ற போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"திறங்க சார்."

திறந்தார். நீலத் துணி நெளிந்தது. போலீஸ்காரர் முடிச்சை அவிழ்க்க, மச்சான் எழுந்து உட்கார்ந்தான்!

"உயிரோட இருக்கியாடா!" போட்டோக்காரர் அழுதேவிட்டார். "சார், நான் கொலைகாரன் இல்ல சார்!"

"இல்லதான். ஆனா ஆளைக் கட்டி, டிக்கில போட்டு, ஊர் தாண்டிக் கொண்டு வந்திருக்கீங்க. இதுக்குப் பேரு கடத்தல்."

"ச... சரி. அதுக்கு எவ்வளவு நாள் ஜெயில்?"

"ஜெயிலா? இங்க கொலைக்குத்தான் தூக்கு இல்ல. கடத்தலுக்கு உண்டு! அவர் செத்திருந்தா நீங்க பொழைச்சிருப்பீங்க!"

போட்டோக்காரர் மறுபடி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

போலீஸ்காரர் மச்சானிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. கடத்திட்டு வந்தாரா? இல்ல, விளையாட்டா நீங்களே ஏறிப் படுத்தீங்களா?"

மச்சான் மண்டை வீக்கத்தைத் தடவினான். நிதானமாக, மிக நிதானமாக அக்கா புருஷனைப் பார்த்தான்.

"மாமா... போர்டுல யார் பேரு முதல்ல?"