மூன்று இழுப்பு

தம்பி மனைவி என்றைக்காவது வருவாள் என்று பெரியவனுக்குத் தெரியும். மத்தியான வெயிலில், தனியாக வந்து நிற்பாள் என்று நினைக்கவில்லை. அருங்காட்சியகத்தின் பின்கட்டு அறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அவரோட சாமானெல்லாம் இங்க இருக்காமே, அத்தான்."

ஒரு ஜோடி செருப்பு, கைக்கடிகாரம், மடித்த சட்டை. தண்ணீருக்குள் இறங்குமுன் சின்னவன் கரையில் விட்டுப்போனவை. மூன்று மாதமாகியும் உடல் கிடைக்கவில்லை.

அறை நடுவே கண்ணாடித் தொட்டி. தண்ணீருக்குள் அந்த மண்டையோடு. மரத்தில் தொங்கித் தூங்கும் ஸ்லாத் என்ற விலங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான்; ஆனால் மாட்டைவிடப் பெரிய உடம்பு, தரையில் நடந்து, எப்போதோ அழிந்துபோன பிராணி. நீர் நிரம்பிய குகையில், குரங்கு எலும்புகளோடு பல்லாயிரம் வருடம் கிடந்ததை அண்ணனும் தம்பியும் தேடிப் போனார்கள். அண்ணன் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு மேலே வந்தான். பத்திரிகைகளில் படம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தான், பாவி.

நீரில் ஊறிய எலும்பு சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். கயிற்றை உருவினாலும் உடையும். அதனால் கட்டி வந்த கயிறு அப்படியே இருந்தது; அதன் நுனி தொட்டிக்கு வெளியே தொங்கியது.

அவள் அந்த நுனியைக் கையில் எடுத்தாள்.

"இது உங்க ரெண்டு பேர் இடுப்பிலயும் கட்டியிருந்த கயிறுதானே?"

"ஆமாம்மா. பாறையில பட்டு அறுந்துபோச்சு."

இருட்டில் அந்தக் கயிறுதான் அவர்களுக்கு வாய். ஒரு இழுப்பு, நல்லாயிருக்கியா? இரண்டு, நல்லாயிருக்கேன். மூன்று, என்னைத் தூக்கு. அவளுக்கும் அது அத்துப்படி. போன இடத்தில் பேச்சு நீண்டால் சின்னவன் அவள் சட்டைக் கையை மூன்று தடவை இழுப்பான். இருவரும் எழுந்து வந்துவிடுவார்கள்.

"கடைசியா ஒரு தடவையாவது இழுத்தாரா அத்தான்?"

இழுத்தான். மூன்று தடவை. அப்போது பெரியவன் கையில் மண்டையோடு இருந்தது. முதுகுச் சிலிண்டரில் காற்று ஒரு நடைக்குத்தான் மிச்சம். இதைக் கரை சேர்த்துவிட்டு வந்து தூக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கயிற்றைக் கத்தியால் அறுத்தான். அதே கயிற்றால் மண்டையோட்டைக் கட்டினான். திரும்பிப் போனபோது குகை வாய் சரிந்து மூடியிருந்தது.

"இல்லம்மா," என்றான் வாய் கூசாமல். "இழுக்கவே இல்ல."

தொட்டிக்குள் ஒரு குமிழி மேலே வந்தது.

அறையெங்கும் குகைச் சேற்றின் வாடை.

அவள் கையிலிருந்த கயிறு விறைத்தது.

ஒரு இழுப்பு.

இரண்டு.

மூன்று.

அவள் அலறவில்லை. தொட்டியைக்கூடப் பார்க்கவில்லை. பெரியவன் முகத்தையே பார்த்தாள்.

"கத்திதானே?" என்றாள் மெதுவாக, பிசிறே இல்லாத கயிற்று நுனியைத் தடவியபடி.

அவள் கயிற்று நுனியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள். செருப்பையும் கடிகாரத்தையும் சட்டையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியேறினாள்.

விரல்களைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை.

கயிறு மெதுவாக, பாசமாக, ஒரே ஒருமுறை இழுபட்டது.

பதிலுக்கு இரண்டு தடவை இழுக்க வேண்டும். அவன் கை எழவில்லை.

சற்றுப் பொறுத்து, தம்பி மறுபடியும் கேட்டான்.