ஊமைச் சங்கு

பருத்திப்பட்டு ஏரிக்கு மேலே மழை மேகம் இறங்கி நின்ற ஒரு காலையில் ரேஷ்மா கனிமொழியின் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மேடம், என்னால ஒரு ஆள் சாகக் கிடக்கிறார்னு சொல்றாங்க. இன்னிக்குச் சாயங்காலம் எங்க கம்பெனியிலேர்ந்தே என் பேரை போலீஸ்ல கொடுக்கப் போறாங்க."

துலுக்கானம் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். ஆட்டோ ஓட்டுவது அவன் தொழில். துப்பறிவது தன் பிறவிப் பயன் என்பது அவன் எண்ணம். கனிமொழி அவனை சவாரிக்கு மட்டும்தான் கூப்பிடுவாள். சவாரி முடிந்தாலும் அவன் போகமாட்டான். அவளும் துரத்தமாட்டாள்.

கனிமொழி பல வருஷம் ஐ.டி. கம்பெனியில் இருந்தவள். மென்பொருளில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடிப்பது அப்போது அவள் வேலை. அதை விட்டுவிட்டு, இப்போது ஓட்டை போட்டது யார் என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"உட்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.

ரேஷ்மாவுக்குத் தென்காசிப் பக்கம். மேனாம்பேட்டில் தோழிகளோடு தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறாள். குளிர்பதனக் கிடங்குகளில் அம்மோனியா கசிந்தால் கண்டுபிடித்து அபாயச் சங்கு ஊதும் மென்பொருள் அவர்களுடையது.

"புரோகிராம் எழுதுறது மத்தவங்க மேடம். அதை விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஏத்துற இன்ஸ்டாலரைக் கட்டுறது நான். பின்னாடி ஏதாவது திருத்தம் வந்தா, அதுக்கு பேட்ச் செய்யறதும் நான்தான்."

"பேட்ச்னா? டயர் பஞ்சருக்கு ஒட்டுவோமே, அத்த மாரியா?" என்று துலுக்கானம் நடுவில் புகுந்தான்.

"அதேதான் அண்ணே. முழுசா மாத்தாம, ஓட்டை இருக்கிற இடத்துல மட்டும் ஒட்டுறது." அவள் குரல் உடைந்தது. "பழைய சங்கு காதுல விழலைன்னு சில கிடங்குல சொன்னாங்க. போன வாரம் சத்தமான புது சங்கை வச்சு ஒரு பேட்ச் அனுப்பினேன். வேற எதையும் தொடலை. எல்லா இடத்துலயும் புது சங்கு ஊதுது. கரையான்சாவடிக்குப் பக்கத்துல ஒரு மீன் கிடங்குல மட்டும் ஊதலை. பேட்ச் போட்ட ரெண்டாம் நாளே கேஸ் கசிஞ்சிருக்கு. உள்ள மாட்டின நடேசன்ங்கறவர் இன்னும் கண்ணு முழிக்கலை. மெஷின் வச்சுத்தான் அவருக்கு மூச்சு ஓடுது."

"அந்தக் கம்ப்யூட்டரை நீ பாத்தியா?"

"இல்ல மேடம். இன்ஸ்டாலர் கட்டுறவங்களை சைட்டுக்கு அனுப்பமாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்லயே புத்தம்புது விண்டோஸ்ல போட்டுப் பார்ப்போம். அதுல ஒழுங்கா ஓடுச்சு."

"புத்தம்புதுசுல" என்று கனிமொழி மெதுவாகத் திரும்பச் சொன்னாள். பிறகு துலுக்கானத்தைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

ரேஷ்மாவையும் ஏற்றிக்கொண்டு மீன் கிடங்கின் கேட்டைத் தாண்டியதுமே துலுக்கானத்துக்குக் கண் எரிந்தது. மூத்திரச் சந்தில் நுழைந்தது போல ஒரு நெடி மூக்கைக் குத்தியது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அங்கே வேலை செய்தவர்கள் யாரும் பொத்திக்கொள்ளவில்லை.

"அது பழைய நெடி. வால்வை மாத்தியாச்சு, மெக்கானிக் பாத்துட்டார், நேத்திலேர்ந்து வேலை நடக்குது" என்றார் முதலாளி ரகுநாதன். பெரிய குளிரறையின் இரும்புக் கதவு மூடியிருந்தது. உள்ளே பெண்கள் மீன் பெட்டி அடுக்கும் சத்தம் மங்கலாகக் கேட்டது.

அந்தக் கதவுக்கு மேலே, வாய் அகன்ற சாம்பல் நிற ஒலிபெருக்கி ஒன்று மாட்டியிருந்தது. சங்கு ஊதுவது அதன் வழியாகத்தான்.

"பாருங்க மேடம், புறா அதுக்குள்ள ஊடு கட்டிக்கினு கீது! ரெண்டு குஞ்சு வேற. றெக்கை மொளைக்கிற பருவம்" என்றான் துலுக்கானம். கனிமொழி அண்ணாந்து பார்த்தாள். தேவைக்கு அதிகமாகவே பார்த்தாள்.

கட்டுப்பாட்டு அறையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவன் கோகுல்நாத், ரேஷ்மாவின் கம்பெனியிலிருந்து சைட்டுக்கு வந்து பேட்ச் போட்டவன். மற்றவர் கிடங்கின் மேற்பார்வையாளர் பால்ராஜ். தூக்கமில்லாமல் அவர் கண் சிவந்திருந்தது.

"நடேசன் என் தங்கச்சி கண்ணம்மா புருசன் மேடம். நாந்தான் அவன இந்த வேலைல சேத்துவுட்டேன். ஆஸ்பத்திரில அவ மூஞ்சியப் பாக்க முடியல."

"சங்கு முன்னாடி சரியா ஊதிச்சா?"

"தெனமும் காலைல டெஸ்ட் பண்ணுவோம். ஊரே கேக்கும். இவங்க பேட்ச் வந்த நாள்லேர்ந்துதான் ஊமையாப் பூடுச்சி."

"அதுக்கு முன்னாடி வேற யாராவது அந்தச் சங்குச் சத்தம் இருக்கிற ஃபைல்ல கை வச்சிருப்பாங்களா?"

"சான்ஸே இல்ல மேடம். அழிச்சாக்கூட, புரோகிராமைத் தொறந்தா அதுவே திரும்பி வந்து குந்திக்கும். அவ்ளோ பக்காவா பண்ணிகீறாங்க."

கனிமொழி கோகுல்நாத் பக்கம் திரும்பினாள். "சங்கை நிறுத்தி வைக்க வழி இருக்கா?"

"செட்டிங்ல இருக்கு. பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான். கஸ்டமருக்குக் கொடுக்கமாட்டோம்." அவன் முறைப்பாகவே பேசினான். "இதுல விசாரிக்க என்ன இருக்குங்க? நான் பேட்ச் போட்டப்ப 'வெற்றிகரமாக முடிந்தது'ன்னு திரையில வந்துச்சு. அப்புறம் சங்கு ஊதலைன்னா, பேட்ச் கட்டினவங்க தப்புதானே? விபத்து நடந்ததும் புரோகிராமை மூடி வச்சிட்டேன். அதுக்கப்புறம் யாரும் தொடலை."

துலுக்கானம் கனிமொழியின் காதருகே குனிந்தான். "பாஸ்வேர்டு இவன்கிட்டதான் கீது. இவன் மேலதான் எனக்கு டவுட்டு மேடம்."

"பொறுங்க துலுக்கானம்" என்றாள் அவள்.

ரேஷ்மா கணினி முன் உட்கார்ந்தாள். தான் கட்டியனுப்பியது போய்ச் சேரும் இடத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒலி ஃபைலைத் தேடி எடுத்தாள். பெயர் சரியாக இருந்தது. ஓடவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒலியை முழுதும் கூட்டினாள். அப்போதும் ஒன்றுமில்லை.

"மேடம், இது நான் அனுப்பின புது சங்கு இல்ல. பழைய சங்கும் இல்ல. வெறும் மௌனத்தை யாரோ பதிவு பண்ணி, அதே பேர்ல வச்சிருக்காங்க."

வெளியே இடி உருண்டது.

"முதலாளியும் வரட்டும். ஒரே தடவையா சொல்லிடறேன்" என்றாள் கனிமொழி.

ரகுநாதன் வந்து கதவோரம் நின்றார். கனிமொழி குரலை உயர்த்தவில்லை.

"விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு ஒரு குணம் உண்டு. தான் வச்ச ஃபைல் ஒண்ணு காணாமப் போனா, ஐகானைத் தொட்ட உடனே மறுபடி கொண்டுவந்து வச்சிடும். இன்னொரு குணமும் உண்டு. இந்த ஒலி ஃபைல் மாதிரி பதிப்பு எண் இல்லாத ஒண்ணை யாராவது திருத்தியிருந்தா, பேட்ச் அதைத் தொடாது. வீட்டுக்காரர் ஆசையா மாத்தினது, நமக்கென்னன்னு மரியாதையா விட்டுட்டுப் போயிடும். ரேஷ்மா, சரியா?"

ரேஷ்மாவின் முகம் வெளுத்தது. "சரி மேடம். ஆனா... ஆபீஸ்ல புத்தம்புது மெஷின்லதானே சோதிப்போம். அதுல யார் கையும் பட்டிருக்காதே."

"அதனாலதான் உனக்குத் தெரியாமப் போச்சு. இந்த ஃபைல் அசல் சங்காவே இருந்திருந்தா, மத்த எல்லா இடத்திலயும் நடந்த மாதிரி இங்கயும் உன் புது சங்கு வந்து உட்கார்ந்திருக்கும். வரலைன்னா, பேட்ச் வர்றதுக்கு முன்னாடியே இங்க ஒரு கை பட்டிருக்கு. பேட்ச் சங்கை ஊமையாக்கலை. ஏற்கெனவே ஊமையா இருந்ததை விட்டுட்டுப் போச்சு."

"முன்னாடி தினமும் ஊதிச்சுன்னு பால்ராஜ் சொல்றாரே?" என்றார் ரகுநாதன்.

"புறா வேற மாதிரி சொல்லுது சார். பேட்ச் வந்து ஒரு வாரம்தான் ஆகுது. கூடு கட்டி, முட்டை போட்டு, அடைகாத்து, குஞ்சுக்கு றெக்கை முளைக்க அதைவிட ரொம்ப நாள் ஆகும். தினமும் காலையில ஊரே கேக்குற மாதிரி அலறுற குழாய்க்குள்ள எந்தப் புறா குடும்பம் நடத்தும்?"

துலுக்கானத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பார்த்தவன் அவன், புரிந்துகொண்டவள் அவள். அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

"அப்போ இந்தக் கோகுல்நாத்துதானே மேடம்?" என்றான் பொறுக்காமல்.

"அவர்கிட்ட பாஸ்வேர்டு இருக்கு. சங்கை நிறுத்தணும்னா செட்டிங்ல நிறுத்திட்டுப் போயிருப்பார். வாசக்கதவுச் சாவி வச்சிருக்கிறவன் எதுக்குக் கூரை ஓட்டைப் பிரிச்சு இறங்கணும்? சாவி இல்லாதவர்தான் ஃபைல்ல கை வச்சிருக்கார். முதல்ல அழிச்சுப் பார்த்திருக்கார். அது திரும்பி வந்துடுச்சு. மறுபடி அழிச்சிருக்கார், மறுபடி வந்துடுச்சு. அதனாலதான் அதே பேர்ல மௌனத்தை வச்சார். ஃபைல் இருக்குன்னு இன்ஸ்டாலரும் ஏமாந்துடுச்சு." அவள் திரும்பினாள். "அழிச்சாக்கூட திரும்பி வந்து குந்திக்கும்னு சொன்னீங்களே பால்ராஜ் அண்ணே. அழிச்சுப் பார்க்காம அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பால்ராஜ் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"சும்மா சும்மா கத்திச்சி மேடம். கத்துறப்பல்லாம் ஆளுங்க தபதபன்னு வெளிய ஓடுவாங்க. கதவு தொறந்தே கெடக்கும். மீனு கெட்டுப் பூடும். ஓனர் என்னிய திட்டுவாரு. மெக்கானிக் வந்து பாத்துட்டு, கசிவே இல்ல, மெஷினு பொய் சொல்லுதுன்னான். நானும் நம்பிட்டேன்." தலையில் அடித்துக்கொண்டார். "என் தங்கச்சி தாலில நானே கை வச்சிட்டேனே!"

துலுக்கானத்தால் அவரைத் திட்ட முடியவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அதில் அடுத்தவன் போட என்ன இருக்கிறது?

கோகுல்நாத் முதல் முறையாக ரேஷ்மாவை நேராகப் பார்த்தான். "சாரி" என்றான். "நம்ம ஆபீஸ் சார்கிட்ட நானே பேசறேன்."

"அவ பக்கமும் ஒரு குறை இருக்கு" என்றாள் கனிமொழி. "ஒரு ஃபைலைத் தொடாம விட்டுட்டு 'வெற்றி'ன்னு சொல்லுது உங்க பேட்ச். இனிமே, எதை விட்டுட்டு வந்தேன்னு அது வாய்விட்டுச் சொல்லணும்."

"சொல்ல வைக்கிறேன் மேடம்" என்றாள் ரேஷ்மா. அழுகையில்லை, குரல் திடமாக இருந்தது.

"சரி. அந்த மௌனத்தை அழிச்சிட்டு ஐகானைத் தொடு. சங்கு திரும்பி வரட்டும். வந்ததும் டெஸ்ட் பட்டனை அழுத்து. எல்லாரும் கேட்போம்."

துலுக்கானத்துக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "இருங்க, இருங்க! அந்தக் குஞ்சுங்க செதறிப் பூடும்." வெளியே ஓடி, மீன் பெட்டிகள் மேல் ஏறி, கூட்டை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி எடுத்தான். தாய்ப்புறா அவன் தலையில் றெக்கையால் அடித்தது. கீழே இறங்கும்போது அவன் துண்டு மூக்கிலிருந்து நழுவியது. நெடி காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தது.

"பழைய நெடி எங்கனா ஏறுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினான்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, 'காத்திருக்கவும்' என்றது. காணாமல் போனதை இன்ஸ்டாலர் தேடி எடுத்து வைத்தது. பெட்டி மறைந்தது. புரோகிராம் திறந்தது.

சங்கு அலறியது.

சுவர் அதிர்ந்தது. ரகுநாதன் காதைப் பொத்திக்கொண்டார். "கேட்டாச்சும்மா, நல்லா ஊதுது! டெஸ்ட் போதும், நிறுத்து!"

ரேஷ்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அவள் இரண்டு கையும் காற்றில் இருந்தன.

"சார், டெஸ்ட் பட்டனை நான் இன்னும் தொடவே இல்லை."

அடுத்த கணம் பால்ராஜ் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். குளிரறைக் கதவை இழுத்துத் திறந்தார். வெள்ளைப் புகை அவர் காலில் வந்து மோதியது. "வெளிய வாங்கடி! எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே போய்விட்டார். கனிமொழி ரேஷ்மாவின் கையைப் பிடித்து கேட்டுக்கு இழுத்தாள். துலுக்கானம் கூட்டை நெஞ்சோடு அணைத்தபடி பின்னாலேயே ஓடினான்.

பெண்கள் இருமிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசிப் பெண்ணைத் தோளில் தாங்கி பால்ராஜ் வந்தார். அவளை மழையில் உட்கார வைத்துவிட்டு, வந்தவர்களை விரல் நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள்.

"அன்னிக்கும் இப்டித்தானே கத்தியிருக்கும்" என்று சொல்லி, வாய்விட்டு அழுதார்.

கோகுல்நாத் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஆபீசுக்கு ஃபோனில் கத்தினான்: "சார், ரேஷ்மா பேரைக் கொடுக்காதீங்க! முதல்ல தீயணைப்பு வண்டியை அனுப்பச் சொல்லுங்க!"

ரேஷ்மா நனைந்தபடி நின்று, தான் அனுப்பிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே சங்கு விடாமல் ஊதியது. நிறுத்தச் சொல்லி இந்த முறை யாரும் கேட்கவில்லை.