இணை மூளை

மூளை வார்ப்பியின் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று செண்பகத்திடம் சொல்லியிருந்தார்கள். அது அவளுக்கு வராத வித்தை. கட்டைவிரல் தானாக ஆடியது, தொண்டை கமறியது, வெளியே ஏதோ 'டொக்' என்றதும் தோள் துள்ளியது. "இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா," என்றார் ஒலிபெருக்கியில் டாக்டர் மெஹருன்னிசா. இதையே எத்தனை தடவை சொல்வார் என்று எரிச்சலாக வந்தது.

எல்லாம் தணிகைவேலுக்காக. அவள் கணவன் எல்லைப் போரிலிருந்து வீடு திரும்பி மூன்று வருடமாகிவிட்டது. போன மாதம் அடுத்த வீட்டுக் குக்கர் விசிலடித்ததும், மகள் யாழிசையைக் கட்டிலுக்கடியில் தள்ளி, அவள்மேல் தானும் விழுந்து மூடிக்கொண்டான். காப்பாற்றுகிறானாம். குழந்தையின் கை முறிந்தது. இன்றைய சிகிச்சையிலும் சரியாகாவிட்டால் அவனைப் படைவீரர் காப்பகத்தில் அடைத்துவிடுவார்கள். பிறகு வீட்டுப் பக்கமே வர முடியாது.

வேலூர் மையத்தின் வார்ப்பி மருந்து எதுவும் தருவதில்லை. போரில் அடிபட்ட மூளையில் நினைவை அடுக்கி வைக்கும் மடிப்பு சுருங்கியிருக்கும், அச்சத்தின் முடிச்சு வீங்கியிருக்கும். இரண்டையும் பழைய அளவுக்குக் கொண்டுவர வார்ப்பிக்கு ஒரு மாதிரி தேவை. அதே வீட்டில் அதே சோற்றைத் தின்று வாழ்ந்த, போருக்குப் போகாத ஒருவரின் மூளை. இணை மூளை என்று பெயர். பெரும்பாலும் மனைவிமார்தான் வந்து படுப்பார்கள்.

சற்று நேரத்தில் கணவனும் மனைவியும் திரைமுன் நின்றார்கள். இருவர் மூளைக்கும் ஒவ்வொன்றாக இரண்டு படங்கள். டாக்டர் இடப்பக்கப் படத்தைக் காட்டினார்.

"இதான் சார் போர். இந்த மடிப்பைப் பாருங்க, சுண்டைக்காய் வத்தல் மாதிரி. முடிச்சு எப்படிப் பருத்திருக்கு! இவ்வளவு மோசமா நான் பார்த்ததே இல்ல. எப்படித்தான் தாங்கினீங்களோ."

செண்பகத்துக்கு அழுகை முட்டியது. பாவி மனுஷன், இத்தனையையும் தலைக்குள் வைத்துக்கொண்டா நடமாடினான்!

தணிகைவேல் படத்தை உற்றுப் பார்த்தான். "டாக்டர், என் காதுக்கு மேல குண்டுச் சில்லு ஒண்ணு மாட்டிக்கினு இருக்கு. எடுக்க முடியாதுன்னு விட்டுட்டாங்க. இந்தப் படத்துல அது இல்லியே."

சில்லு வலப்பக்கப் படத்தில் இருந்தது, அரிசி அளவில், பளிச்சென்று. டாக்டர் படங்களின் ஓரத்திலிருந்த பெயர்களை அப்போதுதான் பார்த்தார். இயந்திரம் எதையும் மாற்றிக் காட்டவில்லை. மோசமான படம் வீரனுடையதாகத்தான் இருக்கும் என்று அவர்தான் பெயரைப் பார்க்காமல் பேசிவிட்டார். வார்ப்பியோ தன் முடிவைக் கீழே எழுதி முடித்திருந்தது. இணை மூளை: தணிகைவேல். சிகிச்சை பெறுபவர்: செண்பகம்.

"இன்னா டாக்டர் இது? நான் எந்தப் போருக்குப் போனேன்? காட்பாடியத் தாண்டினதில்ல!"

செண்பகம் இதைக் கேட்டு முடிக்கும்போதே பதில் அவளுக்கே தெரிந்தது. அவன் எல்லையில் இருந்தவரை ஒவ்வொரு போன் மணிக்கும் நெஞ்சு நின்றது. அவன் வந்தபிறகு அழைப்புமணியைக் கழற்றினாள், டம்ளரைத் துணிமேல் வைத்தாள், அறைக்குள் நுழையுமுன் இருமினாள்.

"முதல்ல இவளைப் பாருங்க. நான் காப்பகத்துக்கே போறேன்," என்றான் தணிகைவேல்.

"இவங்களை எதை வச்சு சார் பார்க்கிறது? உங்க மூளையை வச்சா உங்க அளவுக்குத்தான் வருவாங்க." டாக்டர் யோசித்தார். "வெளிய பொண்ணு உட்கார்ந்திருக்கால்ல? ஏழு வயசு மூளை. அதை வச்சு உங்க ரெண்டு பேரையும் வார்த்துடலாம். ஒரு படம்தான், வலிக்காது."

தணிகைவேலின் முகத்தில் அப்படியொரு ஆசை. செண்பகத்துக்கும் ஆசைதான், இன்றே எல்லோரும் ஒன்றாக வீட்டுக்குப் போகலாமே! டாக்டர் கதவை நோக்கி நடந்தார். அதற்குள் செண்பகம் பாய்ந்து போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். வீட்டில் மகள் ஓடாமல் நடப்பாள், சத்தமில்லாமல் சிரிப்பாள், கேட்காமல் எதையும் தொடமாட்டாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை என்று செண்பகமே ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தாள்.

"அவளுது நல்லா இருந்தா சரி டாக்டர்," என்றாள். "இல்லாம போச்சுன்னா, அவளுக்கு யாரோட மூளையை வச்சு வார்ப்பீங்க?"