வெட்டுக்கிளிக்கு ஒரு கூண்டு

டெல்லாவின் வீட்டில் ஒரு வெட்டுக்கிளி இருந்தது. அது பூச்சி இல்லை. பச்சை நிறத்தில் ஒரு பழைய வண்டி. அப்பா பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்தது. கல்லிலும் சேற்றிலும் அது ஓடுகிற ஓட்டம் குதிப்பதைப் போலவே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

மற்ற வண்டிகள் திணறுகிற மலைப்பாதையில் வெட்டுக்கிளி மெல்ல மெல்ல ஏறிவிடும். தார்ச்சாலையில் விட்டால்தான் இருமும்.

போன இலையுதிர் காலத்தில் அது ஒரு காரியம் செய்தது. அப்பா ராய்ஸ், கடையிலிருந்து முட்டை வாங்கிக்கொண்டு வயல் வழியாக வந்தார். பாசன வாய்க்காலின் கரையில் சக்கரம் ஏறியது. வெட்டுக்கிளி, மாடு படுப்பதுபோல, அவசரமே இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முட்டை ஒன்றுகூடத் தேறவில்லை. சட்டையெல்லாம் மஞ்சள் கருவோடு அவர் வீட்டுக்கு நடந்து வந்தார்.

அம்மா லொரெய்ன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சிரித்து முடித்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வாய்க்கால்ல சாஞ்சா முட்டையோட போச்சு. மலையில சாஞ்சா? கூண்டு போடாம என் பிள்ளைங்க அதுல ஏறக் கூடாது. அவ்வளவுதான்."

கூண்டு என்றால் கனமான இரும்புக் குழாய்களை வளைத்து, வண்டிக்குள் இருப்பவர்களைச் சுற்றிப் பொருத்துவது. வண்டி உருண்டாலும் தலைக்கு மேல் இரும்பு தாங்கிக்கொள்ளும்.

அந்தப் பேச்சுக்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஏனென்றால் கோடை வரப்போகிறது. பனியை வாரித் தள்ளிக் கணவாயைத் திறக்கிற நாளில், அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற பழைய வண்டிகள் எல்லாம் வரிசையாக மலையேறும். வெட்டுக்கிளி அதில் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. ஒரு வருடம்கூடக் கடைசியாக வராமல் இருந்ததும் இல்லை.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வண்டி வந்தால், நமக்குப் பின்னால் எத்தனை வண்டிகள் வருகின்றன என்று விரலால் காட்ட வேண்டும். அப்போதுதான் எதிரே வருகிறவர் அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று எல்லோரையும் விடுவார். கடைசி வண்டி மட்டும் கையை முஷ்டியாக மூடிக் காட்டும். 'பின்னால் யாரும் இல்லை, நீங்கள் வரலாம்' என்று அர்த்தம்.

அப்பாவுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கவே இரண்டு கை போதாது. அதனால் முஷ்டி காட்டுவது பின் இருக்கையின் வேலை. இத்தனை வருடம் அதைச் செய்தவள் டெல்லா. இந்த வருடம் தம்பி ஓட்டிஸ் முதல்முறையாகக் கூட வரப்போகிறான். அவன் குளிர்காலம் முழுக்க முஷ்டி காட்டிப் பழகினான். கண்ணாடியைப் பார்த்துக் காட்டினான். தபால்காரருக்குக் காட்டினான். அவர் பயந்தே போனார்.

கூண்டு செய்யப்போவது வெர்னா அத்தை. அப்பாவின் அக்கா. ஊரில் உடைந்த இரும்பு எதுவானாலும் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். பட்டறைத் தரையில் சாக்பீஸால் இரண்டு படம் வரைந்து வைத்திருந்தார்.

"நல்லாப் பாத்துக்கோங்க. கணவாய் திறக்கிறதுக்குள்ள ஒண்ணுதான் செய்ய முடியும். இது பந்தயக் கூண்டு. முன் சீட்டுக்கு மட்டும். இது குடும்பக் கூண்டு. பின் சீட் வரைக்கும் போகும். பின்னாடி பெல்ட்டையும் இதுலயே மாட்டலாம்."

அப்பாவின் கண் பந்தயக் கூண்டை விட்டு நகரவில்லை. "என்ன அழகு! தாழ்வா, வளைவா… அந்த இன்னொண்ணு கோழிக்கூண்டு மாதிரி இருக்கு."

"டேய், உன்னைப் பந்தயத்துக்கு யாருடா கூப்பிட்டா?" என்றார் அத்தை. "வாய்க்கால்ல படுத்தவன்தானே நீ?"

"அக்கா, குடும்பக் கூண்டு போட்டா வண்டியோட இரும்புக் கூரையைத் திரும்ப மாட்டவே முடியாது. உயரம் இடிக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிப்போகிற வரைக்கும் அப்பாவும் அம்மாவும் இதைத்தான் பேசினார்கள். பந்தயக் கூண்டு போட்டால் முன் இருக்கையில் இரண்டு பேர்தான் போகலாம். அப்பாவும், பெரியவள் டெல்லாவும். ஓட்டிஸ் வீட்டில் இருக்க வேண்டும். அவனோடு அம்மாவும்.

கடைசியில் அம்மா சொன்னார். "எந்தக் கூண்டா இருந்தாலும் அதுல உக்காரப் போறவ டெல்லா. அவளே தேர்ந்தெடுக்கட்டும்."

அப்பா டெல்லாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "முன் சீட்டு, செல்லம். முன் சீட்டு!"

இதுவரை டெல்லாவை அம்மா பின் இருக்கையில்தான் உட்கார விட்டிருந்தார். முன் இருக்கை! பின்னால் உட்கார்ந்தால் புழுதியும் அப்பாவின் வழுக்கைத் தலையும்தான் தெரியும். முன்னால் உட்கார்ந்தால் மலை முழுதும் அவளுக்கே. எத்தனை வருட ஆசை! அதுவும் பின்னால் ஓட்டிஸ் பக்கத்தில் உட்கார்ந்தால், அவன் ஒரே பாட்டை மூக்காலேயே முனகிக்கொண்டு வருவான்.

பந்தயக் கூண்டுதான் என்று அவள் பாதி முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தவள் கொட்டகைக்குள் போனாள். வெட்டுக்கிளியின் பின் இருக்கையில் ஓட்டிஸ் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த கோழிகளுக்கு முஷ்டி காட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் பழகுறியா?"

"இல்ல. சும்மா." அவன் கையை இறக்கினான். "டெல்லா, நீ முன்னாடி உக்காந்துக்கோ. நான் வீட்டு மாடியிலேர்ந்து காட்டுறேன். மலை மேல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா."

"கை ரெண்டையும் சேத்து வெச்சுக் காட்டினா?"

 டெல்லாவுக்குக் கோபமாக வந்தது. அவன் அழுது அடம்பிடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள். அத்தை வண்டியை அளந்தார். அப்பா கூரையை அளந்தார். உள்ளே உட்காருகிற ஆட்களை யாருமே அளக்கவில்லையே! அதுவும் வெட்டுக்கிளியில் யாராவது சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? குதித்துக்கொண்டேதானே போக வேண்டும்?

"ஓட்டிஸ், வயலுக்குத் தண்ணி விடுற பிளாஸ்டிக் குழாய் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"கூண்டு கட்டப் போறோம்."

சனிக்கிழமைக்குள் இருவரும் வெள்ளைக் குழாய்களையும் முழங்கை இணைப்புகளையும் சேர்த்து, ஒட்டும் நாடாவைச் சுற்றி, அத்தையின் பட்டறைத் தரையில் இருந்த படத்தின் அளவுக்கே ஒரு பந்தயக் கூண்டைக் கட்டிவிட்டார்கள். தச்சு வேலைக்கு நூல் தட்டிக் கோடு போடும் பொடி, அப்பாவின் அலமாரியில் இரண்டு டப்பாக்களில் இருந்தது. ஓட்டிஸ் கைக்கு எட்டிய டப்பாவை எடுத்து, குழாய் முழுக்க அப்பிவிட்டான்.

"அப்பா, வயலை ஒரு சுத்து சுத்தி வரலாமா? தலை இடிக்குதான்னு பாக்கணும்."

"இடிக்காது. நான் அளந்துட்டேன்," என்றார் அப்பா. ஆனாலும் சந்தோஷமாக ஏறினார். பந்தய வீரரைப்போலத் தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டார். டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். வெர்னா அத்தை வேலியில் சாய்ந்துகொண்டு ஆப்பிள் தின்றபடி வேடிக்கை பார்த்தார்.

வெட்டுக்கிளி வரப்புகளில் குதித்தது. தடக், தடக், தடக். குழாய்கள் கடகடத்தன. ஒரு சுற்று முடிந்து வண்டி நின்றது.

வீட்டுக்குள்ளிருந்து வந்த அம்மா வீறிட்டார். "ஐயோ! ராய்ஸ்! ரத்தம்!"

அப்பாவின் வழுக்கையில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை சிவப்பாக ஒரு கோடு. டெல்லாவின் நெற்றியிலும் ஒரு கோடு.

"ரத்தமில்லம்மா, பொடி!" என்று டெல்லா கத்தினாள். "டேய் ஓட்டிஸ், நீல டப்பாவைத்தானே எடுக்கச் சொன்னேன்? சிவப்பு லேசுல போகாதே!"

வெர்னா அத்தைக்கு ஆப்பிள் புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டார். "பந்தய வீரனுக்குப் பரிவட்டம் கட்டியாச்சு!"

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பக்கக் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். பிறகு டெல்லாவின் நெற்றியைப் பார்த்தார். அந்தக் கோட்டின் மேல் மெதுவாகக் கட்டைவிரலை வைத்தார்.

"இது மட்டும் இரும்பா இருந்திருந்தா…" என்றார்.

"பந்தயத்துக்குப் போறவங்க ஹெல்மெட் போட்டுப்பாங்கடா," என்றார் அத்தை, இப்போது கொஞ்சம் கனிவாக. "அதனாலதான் அது தாழ்வா இருக்கு."

"அப்போ குடும்பக் கூண்டையும் கட்டிப் பாப்போம்," என்றாள் டெல்லா. "நானும் ஓட்டிஸும் பின்னாடி உக்காருறோம்."

குழாய்களை உயர்த்தி, பின் இருக்கை வரைக்கும் நீட்டிக் கட்டினார்கள். அடுத்த சுற்றில் அப்பாவுக்குப் புதுக் கோடு விழவில்லை. ஓட்டிஸ் தலை சுத்தம். ஆனால் டெல்லாவின் பின்னந்தலையில் சிவப்பு. பின் இருக்கைக்கு மேலே போகிற குறுக்குக் குழாய்தான் காரணம்.

"அத்தை, இதை ஒரு சாண் பின்னாடி தள்ள முடியுமா? கொஞ்சம் மேலயும்?"

அத்தை ஆப்பிளின் நடுத்தண்டைக் கோழிகளுக்கு எறிந்துவிட்டு வந்தார். குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முடியும். மேலே நுரைப் பஞ்சும் சுத்திடறேன். அடேங்கப்பா! வளைச்சு, ஒட்ட வெச்சு முடிச்ச பிறகு இதைச் சொல்லியிருந்தா நான் உன்னைத்தான் வளைச்சிருப்பேன்."

குழாயைத் தள்ளிக் கட்டியதும் மறுபடி ஒரு சுற்று. இந்தமுறை யார் தலையிலும் எதுவும் ஒட்டவில்லை.

"ஆனா கூரை…" என்று அப்பா கடைசியாக ஒருமுறை முனகினார்.

"அந்தக் கூரையைக் கடைசியா எப்போ மாட்டினீங்க?" என்று அம்மா கேட்டார்.

எல்லோரும் கொட்டகை மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். கவிழ்த்துப் போட்டிருந்த கூரைக்குள் வைக்கோலைப் பரப்பி ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது இவர்களை முறைத்தது.

"சரி, அது அவளோட வீடு," என்றார் அப்பா. "டெல்லா, உன் முடிவைச் சொல்லு."

"கோழிக்கூண்டுதான்," என்றாள் டெல்லா. ஓட்டிஸ் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவன் கையிலிருந்த சிவப்புப் பொடி அவள் சட்டையில் அப்பிக்கொண்டது. அதுவும் போகவே இல்லை.

கணவாய் திறந்த நாளில் பழைய வண்டிகள் வரிசையாக மலையேறின. கடைசியில் வெட்டுக்கிளி. கறுப்புக் கூண்டு வெயிலில் மின்னியது. முன் இருக்கையில் அம்மா. ஓட்டிஸ் பிறந்த பிறகு அவர் இந்த மலைக்கு வருவது இதுதான் முதல்முறை. ஒவ்வொரு திருப்பத்திலும் சிறுமியைப்போல, "அங்க பாரு! அங்க பாரு!" என்று கூவினார். அப்பா தொப்பியைக் கழற்றவே இல்லை. உள்ளே கோடு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

பின்னால் புழுதிதான். ஓட்டிஸ் மூக்கால் முனகிக்கொண்டுதான் வந்தான். டெல்லாவுக்கு ஏனோ இன்று அந்தப் பாட்டு அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. அவளும் கூடவே முனகினாள்.

ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. நால்வரும் துள்ளி விழுந்தார்கள். ஒரு தலையும் இடிக்கவில்லை.

மேலிருந்து ஒரு நீல வண்டி இறங்கி வந்து ஓரமாக நின்றது. அதை ஓட்டிய தாத்தா, முன்னால் போன வண்டிகள் காட்டிய விரல்களை எண்ணிக்கொண்டே இருந்தார். வெட்டுக்கிளி பக்கத்தில் வந்ததும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இப்போ!" என்றாள் டெல்லா.

ஓட்டிஸ் முஷ்டியை உயர்த்தினான். உயர்த்திய வேகத்தில் அது நுரைப் பஞ்சு சுற்றிய குழாயில் போய் 'தொப்'பென்று இடித்தது. அந்தக் கூண்டில் அன்று இடித்தது அது ஒன்றுதான். அவன் கையை இறக்கவில்லை.

"கடைசி வண்டியா, தம்பி? இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று தாத்தா கேட்டார்.

ஓட்டிஸ் முன்னால் பார்த்தான். அம்மாவும் அப்பாவும். பக்கத்தில் பார்த்தான். டெல்லா.

"யாரும் இல்ல!" என்று மலை எதிரொலிக்கக் கத்தினான். "நாங்க எல்லாரும் வந்துட்டோம்!"